திரு இருதயப் படத்துக்குப் பின்னால் இருந்த கடிதம்

நம் ஜெபக்கூட்டத்தில் என்னோடு கைகோத்து ஜெபித்த எல்லாருக்கும், சிராங்கூன் ரோட்டுப் பக்கச் சந்தில் ரவிக்கை தைக்கும் ஆரோக்கியமேரி எழுதுவது. வாயால் ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்று அழுகையில் பாதியை விழுங்கிவிட்டேன். முழுவதையும் எழுதிக் கொடுக்கும்படி பங்குச் சாமியார் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை, புக்கிட் மேரா வீட்டுக் குளியலறையில் சோப்புப் போடும்போது விரலில் ஏதோ நெருடியது. இடது மார்பு இருந்த இடத்தில், தையல் போட்ட தழும்பின்மேல், அரிசி அளவில் ஒரு முடிச்சு. பக்கத்திலேயே இன்னொன்று. நான் தையல்காரி. இருபது வருடமாகக் கழுத்தில் டேப்போடு அலைகிறவள். ஈரக் கையோடு போய் டேப்பை எடுத்துவந்து அளந்தேன். கால் அங்குலம்கூட இல்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். 

புற்றுநோய் என்று அந்த மார்பை எடுத்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எண்பத்து நான்காம் வருடம். நகரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் எம்.ஆர்.டி. ரயிலுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நோய் திரும்பி வராமலிருக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை. அப்படியும் திரும்பி வந்துவிட்டது.

ஏன் வந்தது என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கும் இருந்தது. டாக்டருக்கு இருக்க வழியில்லை. அவரிடம் நான் ஒரு விஷயத்தை மறைத்திருந்தேன். உங்கள் எல்லாரிடமும் அதையே மறைத்திருந்தேன்.

அதற்கு ஆறு வருடத்துக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று பழையவர்களுக்கு நினைவிருக்கும். நூற்றுப் பத்துக் கிலோ. பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர்கூட, "வழி விடுங்க, கப்பல் வருது" என்பார். நானும் சிரிப்பேன். கடையில் பெண்களுக்கு அளவெடுக்கும்போது நான் அவர்களை டேப்பால் அளப்பேன், அவர்கள் என்னைக் கண்ணால் அளப்பார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. பட்டினி கிடந்து பார்த்தேன், நடந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் ஒரு தனியார் மருத்துவமனையில் உடம்பு இளைக்க ஓர் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். சிறுகுடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, மேல் நுனியையும் கீழ் நுனியையும் இணைத்துவிடுவார்கள். சாப்பாடு குறுக்கு வழியில் ஓடிவிடும். உடம்பில் அதிகம் ஒட்டாது. செய்துகொண்டேன். கடையில் எல்லாரிடமும் ஈப்போவில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன். கூச்சம்தான் காரணம். தின்று கொழுத்துவிட்டுக் கத்தியால் இளைத்தவள் என்று பேசுவார்களே என்ற பயம்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த ஆபரேஷன் செய்த டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். குடலை எங்கே வெட்டி எங்கே இணைத்திருக்கிறது என்று அதில் படமே போட்டிருந்தது. "உங்கள் ஆயுளில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள். சாப்பாடு மட்டுமல்ல, விழுங்கும் மருந்தும் உங்களுக்குச் சரியாகச் சேராமல் போகலாம்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, கூடத்தில் மாட்டியிருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைக் கழற்றி, பின்பக்க அட்டைக்குள் அந்தக் கடிதத்தைச் செருகினேன். வேறு யாரும் கைவைக்காத இடம் என்று நினைத்தேன்.

தவக்காலம் தொடங்கிய வாரம் அது. நாற்பது நாளில் ஆளே மாறிவிட்டேன். "என்ன மேரி, ஒருசந்தியா?" என்று கோயிலில் கேட்டார்கள். "ஆமாம்" என்றேன். வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தது உண்மைதான். அந்தச் சின்ன உண்மைக்குள் பெரிய பொய்யை மடித்துவைத்துத் தைத்துவிட்டேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து வந்த கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். வேண்டாம் என்றிருக்கலாம். ஓடிப்போய் நின்றேன். "கத்தியில்லை, மருந்தில்லை. ஒருசந்தியால் ஆண்டவர் என் உடம்பைத் தொட்டார்" என்றேன். கத்தியைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். சிலர் அழுதீர்கள். அன்றிலிருந்து நான் "ஒருசந்தி மேரி". எனக்கோ ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கழிப்பறைக்கு ஓடவேண்டிய நிலை. அதனால்தான் திருப்பலியில் பக்கக் கதவுக்கு அருகே கடைசி வரிசையில் உட்காருவேன். அதைத் தாழ்ச்சி என்று எண்ணிப் புகழ்ந்தீர்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இப்படி ஐந்தாறு வருடம் ஓடியது. பிறகு மார்பில் கட்டி. அரசாங்க மருத்துவமனையில் சேர்க்கும்போது விவரங்களைக் கேட்டு எழுத ஒரு நர்ஸ் வந்தாள். நிமிர்ந்து பார்த்தால் நம் ஃபிலோமினா. நம் கூட்டத்துப் பெண். நான் சாட்சி சொன்ன அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள்.

"அக்கா, நீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்தாள். "முன்னாடி ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா? வயித்துல பெரிய தழும்பு இருக்கே."

"பித்தப்பையில கல்லு" என்றேன்.

என் வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிலோ அப்படியே எழுதிக்கொண்டாள். பின்னால் டாக்டர் கேட்டபோதும் அதே பதில். ஒருமுறை சொன்னதை மாற்ற முடியவில்லை. மார்பை எடுத்தார்கள். புண் ஆறியது. மாத்திரை தொடங்கியது.

மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "பித்தப்பையா?"

"ஃபிலோ முன்னாடி எப்படிச் சொல்றது? வெள்ளிக்கிழமை கூட்டத்துல என்னாகும்?"

"கூட்டம் வந்து உன் மாத்திரைய முழுங்குமா?"

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் வாக்குக் கொடுத்தால் மீறமாட்டார். அது தெரிந்தேதான், வீட்டுக்கு வந்ததும் திரு இருதயப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். எந்தப் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்குகிறோம் என்றுகூட அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து முடிச்சு வந்தது. அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. சொல்ல அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ரத்தம் குறைவு என்று சிவப்புப் பூச்சுப் பூசிய இரும்புச் சத்து மாத்திரையும் எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் காலை கழிப்பறையில் தண்ணீர் ஊற்றப்போனபோது அந்தச் சிவப்பு மாத்திரை கண்ணில் பட்டது. நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. உருவம் அப்படியே இருந்தது. முந்தின நாள் விழுங்கியது.

இந்த மாத்திரை இப்படி வந்தால் அந்த மாத்திரை? கரைந்து போவதால் அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானா? எட்டு மாதமாக நான் விழுங்கியதெல்லாம் குறுக்கு வழியில் ஓடிப் போய்விட்டதா? கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியிலிருந்து அவர், "என்னாச்சு மேரி?" என்றார். "ஒன்னுமில்லைங்க" என்றேன்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. என் மூளை போன போக்கைக் கேளுங்கள். மாத்திரையை இடித்துத் தேனில் குழைத்து நக்கினேன். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்துக்கிடந்தேன், கீழே இறங்காமல் இருக்குமென்று. டாக்டரைக் கேட்காமல் செய்த பைத்தியக்காரத்தனம். நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள். தினமும் காலையில் படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜெபித்தேன். "இயேசுவே, இது என் உடம்பில் தங்கவேண்டும். டாக்டருக்குத் தெரியக்கூடாது. ஃபிலோவுக்கும் தெரியக்கூடாது. எனக்கு ஒரு வழி காட்டும்." ஆண்டவருக்கே நிபந்தனை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் திருப்பலி முடிந்து வந்து டேப்பால் அளப்பேன். கால் அங்குலம். கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு முடிச்சு மூன்றானது, பிறகு ஐந்தானது. அரை அங்குலம். கண்ணாடியைப் பார்க்கவே பயந்தேன். கடையில் மிஷினில் உட்கார்ந்தால் கை மட்டும் தைக்கும், மனசு தழும்பிலேயே இருக்கும். ஒரு கல்யாண ரவிக்கைக்கு இரண்டு கையையும் மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். இருபது வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

டாக்டர் சீனர். ஆங்கிலத்தில் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன். "மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுகிறீர்களா, மேடம்?" என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன். இந்த ஒன்றில் மட்டும் உண்மை பேசுகிறேனே என்று எனக்கே என்மேல் கோபமாக இருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கினார். அளவைக் கூட்டி எழுதினார். "அடுத்த முறையும் குறையவில்லை என்றால் உட்கார்ந்து பேசவேண்டும். உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள்" என்றார். இப்படிக் கூப்பிட்டுப் பேசினால் அது எந்தப் பேச்சு என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

அன்று நடைபாதையில் ஃபிலோ என் பின்னாலேயே வந்தாள். அவள் பருமனான பெண். என்னிடம்தான் ரவிக்கை தைப்பாள். எப்போதும், "ஒரு இன்ச் கொறைச்சுத் தைங்க அக்கா, அதுக்குள்ள எளைச்சிருவேன்" என்பாள். எந்த ரவிக்கையும் அவளுக்குச் சேர்ந்ததில்லை.

"அக்கா, வாரத்துக்கு மூணு நாள் ஒருசந்தி இருக்கேன். ஒரு கிலோ எறங்க மாட்டேங்குது லா. போன மாசம் வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் வேணாம்னுட்டாங்க. உங்க மாதிரி விசுவாசம் எனக்கு இல்லை போல."

அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடாம ஜெபம் பண்ணு ஃபிலோ" என்றேன். சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். புற்றுநோயைவிட அந்த நடைபாதை எனக்கு நீளமாக இருந்தது.

உட்கார்ந்து பேசவேண்டிய நாள் வந்தது. என் வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். நான் குளித்துவிட்டு வந்தபோது கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. பின்பக்க அட்டையைக் கழற்றியிருந்தார். மடித்த கடிதம் வெளியே இருந்தது. அவர் ஒரு துணியால் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒட்டடை. தொடைக்கிறேன்."

"இன்னைக்கா?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். தொடைக்க மாட்டேன்னு பண்ணல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்த வாயைத் திறந்தேன். அவர் துணியை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "எனக்கு நீ வேணும் மேரி. சனங்க என்ன வேணா பேசட்டும். நீ வேணும்" என்றார்.

நான் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன். வழி காட்டும், வழி காட்டும் என்று மாதக்கணக்கில் இந்தப் படத்தைப் பார்த்துத்தானே அழுதேன்? அந்த வழி படத்தின் முதுகிலேயே இருந்தது. அதை அங்கே ஒளித்துவைத்தது நான். அன்றுதான் என் ஜெபத்தை மாற்றினேன். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் சொன்னேன்: "ஆண்டவரே, குடலை விடும். என் வாயைத் திறந்துவிடும்."

கடிதம் கைப்பையில் இருந்தது. டாக்டர் அறையில் உட்கார்ந்ததும் எடுத்துவிடவேண்டும் என்றுதான் போனேன். அங்கே ஃபிலோ நின்றிருந்தாள். என் கை ஜிப்பின்மேல் நின்றுவிட்டது.

டாக்டர் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த நோய் மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. இனி இதைத் தொடர்ந்து பயனில்லை. நிறுத்திவிடலாம். உங்களுக்கு வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம்" என்றார். மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார்.  என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் வெளுத்துப்போயிருந்தது.

டாக்டர் எழுதத் தொடங்கினார். என் எடையைப் பார்க்கும்படி ஃபிலோவிடம் சொன்னார். நான் எழுந்து எடைபார்க்கும் இயந்திரத்தில் ஏறினேன். ஃபிலோ குனிந்து எடைக்குண்டை நகர்த்தப் போனாள். அப்படியே சரிந்து என் காலடியில் விழுந்தாள்.

டாக்டரும் என் வீட்டுக்காரருமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். யாரோ சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கண் திறந்தாள். கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டார். "நேத்து காலையில. ஒருசந்தி டாக்டர்" என்று தமிழிலேயே சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாராட்டுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

அந்தச் சிரிப்பில் என் வாய் திறந்தது.

"ஃபிலோ, எந்திரிச்சு எதாச்சும் சாப்பிடு. நான் ஒருசந்தி இருந்து எளைக்கல. குடலை வெட்டி இணைச்சாங்க. பித்தப்பைன்னு சொன்னது பொய். கூட்டத்துல நின்னு சொன்னதும் பொய். நீ பட்டினி கெடக்காதே புள்ள."

கடிதத்தை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தேன். அவர் ஒருமுறை படித்தார். பிறகு அதிலிருந்த குடல் படத்தில் விரல் வைத்து மறுபடி படித்தார். முகம் சிவந்துவிட்டது. "இத்தனை நாள் இது எங்கே இருந்தது?" என்றார்.

"இயேசுவின் படத்துக்குப் பின்னால்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவருக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டர் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினார்தான், நன்றாகவே. பிறகு எழுதியிருந்த தாளைக் குறுக்கே அடித்துவிட்டு உட்கார்ந்தார். "மருந்து தோற்றதா, அல்லது மருந்து உங்களுக்குள் போய்ச் சேரவே இல்லையா, எனக்குத் தெரியவில்லை. சேராத மருந்தைத் தோற்றது என்று சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்ப இருந்தேன்" என்றார். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் உடம்பு சில்லிடுகிறது.

பெரிய டாக்டர்களிடம் கலந்து பேசினார்கள். குடலைப் பழையபடி இணைக்கலாமா என்றும் யோசித்து, என் உடம்பு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். குடல் வழியே போகாமல் சதையில் நேரே போடும் ஊசி மருந்து ஒன்று இருந்தது. "வேலை செய்யும் என்று உறுதி சொல்லமாட்டேன்" என்றுதான் தொடங்கினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்தேன். பிழைப்பேனா என்று தெரியாத நேரம் அது. பிழைத்த பிறகு சொல்லலாம் என்று ஒரு சபலமும் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அதிலும் பெருமை ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கே பயம். முதல் சாட்சி சொன்ன அதே இடத்தில் நின்று, அது பொய் என்று சொன்னேன். யாரும் கைதட்டவில்லை.  இரண்டு பேர் எழுந்து போனார்கள். மறுநாள் ஓர் அக்கா, தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வலித்தது. ஆனால் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. என் பேச்சைக் கேட்டு அவரும் ஒரு தவக்காலம் முழுவதும் பட்டினி கிடந்திருக்கிறார்.

ஃபிலோ என்னோடு பேசவில்லை. ஊசி போடும் நாளில் பார்த்தாலும் கடமைக்கு ஒரு வார்த்தைதான்.

இரண்டாம் ஞாயிறு டேப்பில் அரை அங்குலம். மூன்றாம் ஞாயிறும் அரை அங்குலம். நான்காம் ஞாயிறும் அதே. "ஆண்டவரே, உண்மையைச் சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன?" என்று சண்டை போட்டேன். பிறகு வெட்கப்பட்டேன். உண்மை சொன்னதற்குக் கூலி கேட்கிறேனா? "நீர் எப்படி முடித்தாலும் சரி, இனி மறைக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஞாயிறு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக, மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏழாம் ஞாயிறு அளந்தபோது என் கண்ணை நானே நம்பவில்லை. அவரைக் கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு என்னைத் திருப்பி, டேப்பை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கால்" என்றார்.

"சரியாப் பாருங்க."

"கால்தான் மேரி. கால்கூட முழுசா இல்லை." அவர் டேப்பைக் கீழே போட்டுவிட்டார். இருவரும் அங்கேயே முழங்காலிட்டோம்.

கிறிஸ்மஸுக்குள் தழும்பு வழவழவென்று ஆகிவிட்டது. டாக்டர் விரலால் தடவித் தடவித் தேடினார். "இங்கேதானே இருந்தது?" என்று கோப்பைப் புரட்டிப் பார்த்தார். குணமாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். "இப்போதைக்கு இல்லை" என்றார். எனக்கு அது போதும். இரண்டு வருடமாக அந்த "இப்போதைக்கு" நீண்டுகொண்டே வருகிறது.

ஒருநாள் மாலை கடைக்கு ஃபிலோ வந்தாள். துணிப்பையை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். "உங்க மேல ரொம்பக் கோவம் அக்கா. ஜெபமாலையைக்கூடத் தூக்கிப் போட்டுட்டேன் தெரியுமா?" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.  அவள் இரண்டு கையையும் விரித்து அளவுக்கு நின்றாள். "இந்த தடவை கொறைக்காதீங்க. இருக்கிற அளவுக்குத் தைங்க. மூச்சு விடணும் லா" என்றாள். நான் அளவெடுத்தேன். கண்ணீரில் டேப்பின் எண் தெரியாமல் இரண்டு தரம் அளந்தேன். அவளுக்குச் சரியாகச் சேர்ந்த முதல் ரவிக்கை அதுதான்.

அன்பானவர்களே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்ட விதமாக அல்ல. மாத்திரையை என் குடலில் தங்கவைக்கும்படி கேட்டேன். அவர் என் கணவர் கையில் ஒரு துணியைக் கொடுத்துப் படத்தைத் துடைக்கவைத்தார். நீங்களும் அவரை நம்புங்கள். நம்பிக்கையோடு ஜெபியுங்கள். ஆனால் முழங்காலிட்டு எழுந்ததும் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எங்கே வெட்டினார்கள், எதைச் சாப்பிடுகிறீர்கள், எது உடம்பில் சேரவில்லை, எதைச் சொல்வதிலும் வெட்கமில்லை. படத்துக்குப் பின்னால் எதையும் ஒளித்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டுப் படம் இப்போது அட்டை கழற்றியபடியே மாட்டியிருக்கிறது. அந்தக் கடிதம் எப்போதும் என் கைப்பையில்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஊசிக்கு ஒரு பின்விளைவு உண்டு. மருந்து சேரச் சேர உடம்பு போடும். முதலிலேயே டாக்டர் எச்சரித்தார். என் ரவிக்கையின் பக்கத் தையலை இந்த இரண்டு வருடத்தில் நான்கு முறை பிரித்துவிட்டேன். இப்போது எண்பத்தெட்டுக் கிலோ. கோயில் வாசலில் சிலர் என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்க்கிறார்கள். பார்க்காதீர்கள். நேரே வந்து, "ஐயோ மேரி, மறுபடியும் குண்டாயிட்டீங்களே" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

ஆமென் என்று சொல்லுவேன்.